ஃபியூஸ் நன்றாக இருக்கிறது, ஃபேன் ஓடவில்லை

காரின் பானெட்டைத் தூக்கினால் பேட்டரிக்குப் பக்கத்தில் கறுப்பு மூடி போட்ட ஒரு பெட்டி இருக்கும். மூடியின் உள்பக்கத்தில் கட்டம் கட்டமாக ஒரு படம். ஹார்ன், ஹெட்லைட், ரேடியேட்டர் ஃபேன் என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் இடம். சிவப்பும் நீலமும் மஞ்சளுமாக வரிசையில் செருகியிருப்பவை ஃபியூஸ்கள். நடுநடுவே கனசதுரமாக நிற்கும் கறுப்புக் கட்டைகள் ரிலேக்கள். வண்டியில் கரண்ட் கோளாறு என்று பட்டறைக்குப் போனால் முதலில் திறப்பது இந்தப் பெட்டியைத்தான்.

சித்திரை வெயிலில் சிக்னலில் நிற்கும்போது வெப்பமுள் மேலே ஏறுகிறது, ரேடியேட்டர் ஃபேன் ஓடவில்லை என்று வைத்துக்கொள்வோம். பட்டறையில் ஃபியூஸைப் பிடுங்கி, மல்டிமீட்டரை பஸ்ஸர் நிலையில் வைத்து, இரண்டு காலிலும் முனைகளைத் தொடுகிறார்கள். 'பீப்' என்கிறது. ரிலேயைப் பிடுங்கி பேட்டரியிலிருந்து இரண்டு வயர் இழுத்துக் கொடுக்கிறார்கள். 'டிக்' என்று அடிக்கிறது. "ஃபியூஸும் நல்லா இருக்கு, ரிலேயும் அடிக்குது. மோட்டார்தான் போயிருச்சு சார்." புது மோட்டார் வருகிறது, பில்லும் வருகிறது. நாலைந்து நாளில் வெப்பமுள் மறுபடி ஏறுகிறது.

கேட்ட கேள்விக்கு மீட்டர் சரியாகத்தான் பதில் சொன்னது. கேள்விதான் போதவில்லை. ஓம் நிலையில் சாதாரண மல்டிமீட்டர் ஏறத்தாழ ஒரு மில்லி ஆம்பியர் மின்னோட்டத்தைச் செலுத்திப் பார்க்கிறது. சிறிய காரின் ஃபேன்கூடப் பத்து ஆம்பியருக்குக் குறையாமல் இழுக்கும். அதாவது பத்தாயிரம் மடங்கு. மரப்பாலத்தைப் பூனை நடந்து கடந்துவிட்டது என்பதற்காக மாட்டுவண்டியை அதில் இறக்கிவிட முடியாது. ஃபியூஸையும் ரிலேயையும் சோதிக்கிற ஒவ்வொரு முறையிலும் நாம் எவ்வளவு மின்னோட்டத்தைக் கொண்டு கேட்கிறோம் என்பதைக் கவனித்தால், எந்தப் பதிலை நம்பலாம், எதை நம்பக் கூடாது என்பது பிடிபட்டுவிடும்.

முதலில் ஃபியூஸ். சுற்றில் வேண்டுமென்றே பலவீனமாக வைத்த ஒரு துண்டு அது. மின்னோட்டம் அளவு மீறினால், வயரின் மேலுறை உருகித் தீப்பிடிப்பதற்கு முன்னால் இது அறுந்துவிட வேண்டும். 1847-இல் பிரான்சின் லூயி ப்ரெகே, தந்தி நிலையக் கருவிகளை மின்னலிலிருந்து காப்பாற்ற, கம்பி வரும் பாதையில் ஓரிடத்தில் மெல்லிய கம்பியைச் சேர்க்கச் சொன்னார். யோசனை இன்றும் அதேதான். இப்போது காரில் இருக்கும் தட்டைக்கால் ஃபியூஸ் 1970-களில் வந்தது. உள்ளே இருப்பது துத்தநாகக் கலவைத் தகடு. செம்பு உருக 1085 டிகிரி செல்சியஸ் வேண்டும். துத்தநாகத்துக்கு 419 போதும். 10 ஆம்பியர் என்றால் சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள், 30 பச்சை. எந்த நாட்டு வண்டியாக இருந்தாலும் நிறம் இதுதான்.

சிவப்பு ஃபியூஸில் 10 என்று எழுதியிருப்பதால் பதினொன்றாவது ஆம்பியர் வந்தவுடன் அறுந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. 11 ஆம்பியரை அது 100 மணி நேரம் தாங்கியாக வேண்டும். 13.5 ஆம்பியர் போனால் பத்து நிமிடத்துக்குள் அறுந்தாக வேண்டும். 20 ஆம்பியர் என்றால் ஐந்து விநாடிக்குள், 35 என்றால் அரை விநாடிக்குள். தகட்டில் உண்டாகும் வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. மின்னோட்டம் இரண்டு மடங்கானால் வெப்பம் நான்கு மடங்கு. அதனால்தான் மீறல் கூடக்கூட அவகாசம் இவ்வளவு வேகமாகச் சுருங்குகிறது. இந்த அவகாசம் குறை அல்ல, தேவை. நின்றுகொண்டிருக்கும் மோட்டார் கிளம்பும் கணத்தில் ஓடும் மின்னோட்டத்தைப் போலப் பல மடங்கு இழுக்கும். அந்தக் கணத்துக்கெல்லாம் ஃபியூஸ் அறுந்தால் எந்த ஃபேனும் கிளம்பாது.

அறுந்த ஃபியூஸைத் தூக்கிப் போடுவதற்கு முன் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். தகட்டின் நடுவில் சின்ன இடைவெளி, பிளாஸ்டிக் தெளிவாக இருக்கிறது என்றால் மின்னோட்டம் கொஞ்சம் மீறி, நிதானமாக உருகியிருக்கிறது. மோட்டார் இறுகுகிறதா என்று பார்க்க வேண்டும். உள்ளே கறுத்துப் போய், உலோகம் தெறித்து ஒட்டியிருந்தால் எங்கோ வயர் உரசி நேராகப் பாடியில் படுகிறது. முதல் வகைக்கு அதே அளவில் புது ஃபியூஸ் போட்டுக் கவனிக்கலாம். இரண்டாவதற்கு வயரைத் தேடாமல் புதிது போட்டால் அதுவும் உடனே போகும். 10 போன இடத்தில் 20 போடுவது மட்டும் எந்த நிலையிலும் கூடாது. ஃபியூஸின் அளவு அதற்குப் பின்னால் ஓடும் வயரின் தடிமனைப் பார்த்து முடிவானது. மஞ்சள் ஃபியூஸைச் செருகினால், உருகவேண்டிய இடம் பெட்டியிலிருந்து டேஷ்போர்டுக்குள் இருக்கும் வயருக்கு மாறிவிடுகிறது. வண்டி தீப்பிடித்த செய்திகளைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்தப் பழக்கம்தான் நினைவுக்கு வரும்.

கண்ணுக்கு எப்போதும் தெரிந்துவிடாது. அதிர்வினால் தகடு காலோடு சேரும் இடத்தில் மயிரிழை போல விரிசல் விட்டிருக்கலாம். அப்போது மீட்டர்தான் கதி. ஃபியூஸைப் பிடுங்காமலே பார்க்க ஒரு வழி இருக்கிறது. தட்டைக்கால் ஃபியூஸின் தலையில் இரண்டு சின்னத் துளைகள் இருக்கும். உள்ளே உலோகம் தெரியும். சாவியைத் திருப்பி, மீட்டரை டி.சி. 20 வோல்ட்டில் வைத்து, கறுப்பு முனையை பேட்டரியின் மைனஸில் பிடித்துக்கொண்டு, சிவப்பு முனையால் இரண்டு துளையையும் மாறி மாறித் தொட வேண்டும். இரண்டிலும் 12 வோல்ட் என்றால் ஃபியூஸ் நலம். ஒன்றில் மட்டும் என்றால் அறுந்திருக்கிறது. இரண்டிலும் இல்லை என்றால் அங்கே சப்ளையே வரவில்லை; ஃபியூஸைக் குறை சொல்ல எதுவும் இல்லை. பெட்டியில் முப்பது ஃபியூஸ்கள் இருந்தாலும் சில நிமிடத்தில் பார்த்துவிடலாம். பிடுங்கிச் செருகிக் கிளிப்புகளை இளக்கும் வேலையும் மிச்சம்.

பிடுங்கித்தான் பார்ப்பது என்றால் ஓம் நிலை. அதற்கு முன் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டுப் பாருங்கள். பூஜ்யம் வராது; 0.2, 0.3 என்று ஏதாவது காட்டும். அது மீட்டர் வயரின் தடை. 10 ஆம்பியர் ஃபியூஸின் தடையோ 7, 8 மில்லி ஓம்தான். 0.1 ஓம் வரை மட்டுமே காட்டும் மீட்டரின் கண்ணுக்கு ஃபியூஸின் தடை தெரியவே தெரியாது. தகடு இருக்கிறதா, இல்லையா என்பது மட்டுமே தெரியும். ஃபியூஸுக்கு அதுவே போதும். பெரும்பாலும் அது முழுதாக இருக்கும் அல்லது அறுந்திருக்கும், இடைப்பட்ட நிலை அபூர்வம். ஆனால் பஸ்ஸர் சத்தத்தை மட்டும் நம்புவது நல்லதல்ல. பல மீட்டர்கள் முப்பது, நாற்பது ஓம் தடை இருந்தாலும் பீப் என்று சொல்லிவிடும். ஃபேன் வயரில் 20 ஓம் தடை ஏறியிருந்தால் அதன் வழியாக 0.6 ஆம்பியருக்கு மேல் போக முடியாது. ஃபேன் அசையக்கூட அசையாது. மீட்டர் அப்போதும் உற்சாகமாகக் கத்தும். சத்தத்தோடு எண்ணையும் பார்க்க வேண்டும்.

இனி ரிலே. 1835-இல் அமெரிக்காவில் ஜோசப் ஹென்றி, தொலைவிலிருந்து நீண்ட கம்பி வழியாகக் களைத்து வந்து சேரும் சிறு மின்னோட்டத்தைக் கொண்டு, பக்கத்திலிருக்கும் வலிமையான மின்காந்தத்தின் சுற்றைத் திறந்து மூடிக் காட்டினார். சிறியது பெரியதை ஆள்வது. ரிலே என்றால் அவ்வளவுதான். காரிலும் அதே கதை. இன்ஜினைக் கண்காணிக்கும் கணினி 0.15 ஆம்பியர் தந்தால் போதும், ரிலே 15 ஆம்பியர் ஃபேனை ஓட்டிவிடும்.

ஆக, ஒரே கட்டைக்குள் இரண்டு சுற்றுகள். ஒன்றுக்கொன்று மின்தொடர்பே கிடையாது. நடுவில் இருப்பது காந்தம் மட்டும். அடிப்பக்கம் திருப்பினால் கால்களில் எண் இருக்கும். 85, 86 இரண்டும் காயில், அதாவது காந்தத்தை எழுப்பும் சுருளின் முனைகள். 30-க்கு பேட்டரியிலிருந்து வருகிறது, 87-இலிருந்து ஃபேனுக்குப் போகிறது; இரண்டையும் சேர்த்துப் பிரிப்பது கான்டாக்ட். ஐந்தாவது கால் இருந்தால் அது 87ஏ. ரிலே அடிக்காதபோது 30 அதோடு சேர்ந்திருக்கும். எண்கள் டி.ஐ.என். 72552 என்ற ஜெர்மன் தர விதியிலிருந்து வந்தவை. மீட்டரைப் பொறுத்தவரை இந்த இரண்டு சுற்றும் இரண்டு விதம். காயில் சிறு மின்னோட்டத்தின் பக்கம். அங்கே மீட்டர் சொல்வதை நம்பலாம். கான்டாக்ட் பெரு மின்னோட்டத்தின் பக்கம்; அங்கே மீட்டர் சொல்வது பாதி.

85-க்கும் 86-க்கும் நடுவே ஓம் பாருங்கள். 12 வோல்ட் ரிலே என்றால் பெரும்பாலும் 50 முதல் 120 வரை இருக்கும். எண்பது ஓம் சகஜம். எல்லை மீறிக் காட்டினால் காயில் அறுந்துவிட்டது. பத்து, பன்னிரண்டு ஓம் என்றால் சுருளுக்குள் ஷார்ட். முந்நூறு ஓம் பக்கம் காட்டினால் லாரிக்கான 24 வோல்ட் ரிலேயை யாரோ காரில் செருகியிருக்கிறார்கள். கால் பொருந்திவிடும், ஆனால் 12 வோல்ட்டில் இழுக்காது.

பட்டறையில் குளிர்ந்த ரிலேயில் அளந்த எண் ஓடும் வண்டியில் அப்படியே இருக்காது. செம்பின் தடை ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறத்தாழ 0.39 சதவீதம் கூடும். 20 டிகிரியில் 80 ஓம் இருந்த காயில், பானெட்டுக்குள் 90 டிகிரி ஆனதும் 102 ஓம் ஆகிவிடுகிறது. 150 மில்லி ஆம்பியர் போன இடத்தில் இப்போது 118-தான் போகும். காந்தத்தின் இழுவை அந்த அளவுக்கு இறங்கும். நல்ல ரிலே இதையும் தாங்கும்படிதான் செய்யப்படுகிறது. ஆனால் காயிலுக்கு வரும் வயரில் கொஞ்சம் துரு, எர்த்தில் கொஞ்சம் லூஸ் என்று வோல்டேஜ் ஏற்கெனவே குறைந்திருந்தால், காலையில் அடிக்கிற ரிலே மதியம் டிராஃபிக்கில் அடிக்காது. பட்டறைக்கு வருவதற்குள் ஆறிவிடும். அங்கே சமர்த்தாக அடித்துக் காட்டும். 'வந்து வந்து போகிற' கோளாறுகளில் பலவற்றுக்கு இதுதான் காரணம்.

மீட்டருக்குத் தெரியாத ஒன்று காயில் பக்கத்திலும் உண்டு. காயிலை அணைக்கும்போது அதன் காந்தப்புலம் சரிந்து, நூறு வோல்ட்டுக்கு மேலேயே ஓர் எதிர் உதை கிளம்பும். கணினியைக் காப்பாற்ற, சில ரிலேக்களுக்குள் காயிலுக்குக் குறுக்கே ஒரு டையோடு வைத்திருப்பார்கள். டையோடு வழிவிட 0.6 வோல்ட் வேண்டும். மீட்டரின் ஒரு மில்லி ஆம்பியர் 80 ஓம் காயிலில் உண்டாக்குவது வெறும் 0.08 வோல்ட். எனவே முனைகளை எப்படித் திருப்பிப் பிடித்தாலும் டையோடு வாயே திறக்காது. அது இருக்கிறதா, செத்துவிட்டதா என்று ஓம் நிலையில் கண்டுபிடிக்க வழியில்லை; கட்டையின் மேல் அச்சிட்ட படத்தைத்தான் பார்க்க வேண்டும். டையோடு உள்ள ரிலேக்கு பேட்டரி வயரை மாற்றிக் கொடுத்தால் டையோடு வழியாக நேர் ஷார்ட். அதனால் சோதிக்கும்போது 86-க்கு பிளஸ், 85-க்கு மைனஸ் என்பதையே பழக்கமாக்கிக்கொள்வது நல்லது. சோதனை வயரிலும் ஒரு சின்ன ஃபியூஸ் இருக்கட்டும்.

கான்டாக்ட் விஷயத்துக்கு வருவோம். காயிலுக்குக் கரண்ட் இல்லாதபோது 30-க்கும் 87-க்கும் தொடர்பு இருக்கக் கூடாது. இருந்தால் கான்டாக்ட் ஒட்டிக்கொண்டுவிட்டது; வண்டியைப் பூட்டிவிட்டுப் போன பிறகும் ஃபேன் ஓடி, மறுநாள் பேட்டரி இறங்கியிருக்கும். இதை மீட்டர் தவறாமல் பிடித்துவிடும். காயிலுக்குக் கரண்ட் கொடுத்து, டிக் என்றதும் 30–87 பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வர வேண்டும். வராவிட்டால் ரிலே சந்தேகத்துக்குரியது. வந்துவிட்டால்? அங்கேதான் நிதானம் வேண்டும்.

ஒவ்வொரு தடவை பிரியும்போதும் கான்டாக்டுகளுக்கு நடுவே ஒரு சின்னத் தீப்பொறி எழும். வெள்ளிக் கலவைப் பரப்பு கொஞ்சம் ஆவியாகும், குழிவிழும், கறுக்கும். பல்லாயிரம் தடவைக்குப் பிறகு பரப்பு முழுவதும் சேராமல், மேடான ஒன்றிரண்டு புள்ளிகள் மட்டும் தொட்டுக்கொள்ளும். அந்தப் புள்ளிகள் வழியாக ஒரு மில்லி ஆம்பியர் தாராளமாகப் போகும். தடை 0.1 ஓம் என்று வைத்துக்கொண்டால் அது மீட்டர் வயரின் தடைக்குள்ளேயே மறைந்துவிடும். 'நல்ல ரிலே' என்று தீர்ப்பு. அதே 0.1 ஓம் வழியாக 12 ஆம்பியர் போகும்போது 1.2 வோல்ட் அங்கேயே விழுகிறது, 14 வாட் வெப்பம் அந்தச் சின்னப் பெட்டிக்குள் உண்டாகிறது. ஃபேன் மெதுவாகச் சுற்றும், ரிலேயின் கால் பழுப்பேறும், ஒருநாள் பெட்டியே இளகிவிடும்.

இதற்கு நேரெதிரான ஏமாற்றமும் நடக்கும். வெள்ளிப் பரப்பில் கந்தகக் காற்றுப் பட்டு மெல்லிய படலம் படிந்திருக்கலாம். மீட்டர் தரும் சின்ன வோல்டேஜ் அந்தப் படலத்தைத் துளைக்காது. எண் தாறுமாறாக ஏறி இறங்கும். 12 வோல்ட்டும் பத்து ஆம்பியரும் வந்தால் படலம் எரிந்துபோய் ரிலே ஒழுங்காக வேலை செய்யும். பெரிய ரிலேக்களின் குறிப்பேடுகளில், இவ்வளவுக்குக் குறைவான மின்னோட்டத்துக்கு இதைப் பயன்படுத்தாதீர்கள் என்று கீழ் எல்லையும் போட்டிருப்பது இதனால்தான். ஆக, மீட்டர் கெட்டதை நல்லது என்றும் சொல்லலாம், நல்லதைக் கெட்டது என்றும் சொல்லலாம்.

அப்படியானால் பத்து ஆம்பியர் வேலையைப் பத்து ஆம்பியர் ஓடும்போதுதான் பார்க்க வேண்டும். அதற்குத் தனிக் கருவி எதுவும் வேண்டாம். அதே மல்டிமீட்டர், வோல்ட் நிலை. ரிலேயை அதன் இடத்திலேயே வைத்து, ஃபேனை ஓடவிட்டு, முனைகளை 30-இலும் 87-இலும் பிடிக்க வேண்டும். ரிலேயைக் கொஞ்சம் மேலே தூக்கினால் கால்களின் ஓரம் தெரியும். முனை வழுக்கிப் பக்கத்துக் காலில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆரோக்கியமான கான்டாக்டில் 0.1, 0.2 வோல்ட்டுக்கு மேல் விழாது. அரை வோல்ட் என்றால் சந்தேகம், ஒரு வோல்ட் என்றால் மாற்றிவிட வேண்டியதுதான்.

இதை ரிலேயோடு நிறுத்தாமல் சுற்று முழுவதும் செய்தால் கோளாறு தானாக வந்து மாட்டும். மூடிய சுற்றில் ஆங்காங்கே விழும் வோல்டேஜ்களைக் கூட்டினால் மூலத்தின் வோல்டேஜுக்குச் சமமாக இருக்கும் என்று 1845-இல் கிர்ச்சாஃப் சொன்னதன் நடைமுறைப் பயன் இது. ஓர் உதாரணம்: இன்ஜின் ஓடுகிறது, பேட்டரியில் 13.8 வோல்ட். ஃபேனின் இரண்டு முனையிலும் வந்து சேர்வது 11.1. வழியில் 2.7 வோல்ட் காணாமல் போயிருக்கிறது. ஃபியூஸின் இரு முனைக்கு நடுவே 0.05, ரிலேயில் 1.4, பிளஸ் வயரில் 0.3, ஃபேனின் மைனஸிலிருந்து பேட்டரி மைனஸ் வரை 0.95. கூட்டினால் கணக்கு நேராகிறது. ரிலேயை மாற்ற வேண்டும், பாடி எர்த் போல்ட்டைக் கழற்றித் துரு சுரண்டி இறுக்க வேண்டும். மோட்டார் மேல் எந்தப் பழியும் இல்லை. ஃபியூஸ், ரிலே, வயர், எர்த் நான்கையும் தனித்தனியே ஓம் நிலையில் பார்த்திருந்தால் நான்குமே பீப் என்றிருக்கும்.

மிகச் சிறிய தடைகளை அளக்க கெல்வின் பிரபு 1861-இல் காட்டிய வழியின் சாரமும் இதுதான்: மின்னோட்டம் ஒரு வழியில் போகட்டும், வோல்டேஜை வேறு இரண்டு கம்பியால் பாருங்கள், அப்போது அளக்கும் கம்பியின் தடை கணக்கில் குறுக்கிடாது.

இந்த வித்தையைத் திருப்பிப் போட்டால் ஃபியூஸே மின்னோட்டம் அளக்கும் கருவியாகிவிடும். இரவு நிறுத்திய வண்டியில் காலையில் பேட்டரி படுத்துவிடுகிறது என்ற புகாருக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. வண்டியை அணைத்து, கதவுகளைப் பூட்டி, கணினிகள் உறங்க அரை மணி நேரம் விட்டுவிட்டு, மீட்டரை 200 மில்லிவோல்ட் அளவில் வைத்து ஒவ்வொரு ஃபியூஸின் தலைத் துளைகளுக்கும் நடுவே பார்க்க வேண்டும். எல்லாம் 0.0 காட்ட, சிவப்பு ஃபியூஸ் ஒன்றில் மட்டும் 2 மில்லிவோல்ட் காட்டினால், 7.5 மில்லி ஓமால் வகுத்துப் பாருங்கள். கிட்டத்தட்ட 270 மில்லி ஆம்பியர். ஒரு நாளில் ஆறரை ஆம்பியர்-மணி. 35 ஆம்பியர்-மணி பேட்டரி ஐந்து நாளில் காலி. நிறுத்திய வண்டியில் 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் சரி என்பது பொதுவான கணக்கு. ஃபியூஸைப் பிடுங்கிப் பார்க்கும் பழைய முறையில், பிடுங்கும்போதே உறங்கிய கணினி விழித்துக்கொள்ளும். தேடும் கோளாறு மறைந்துவிடும்.

வோல்ட் நிலையும் சில இடத்தில் ஏமாற்றும் என்பதைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. டிஜிட்டல் மீட்டரின் உள்தடை பெரும்பாலும் பத்து மெகா ஓம். வயர் துருப்பிடித்து அதில் பத்தாயிரம் ஓம் தடை ஏறியிருந்தாலும், ஃபேன் கனெக்டரைக் கழற்றிவிட்டு அளந்தால் 11.99 வோல்ட் காட்டும். மீட்டர் இழுப்பது ஏறக்குறைய ஒன்றுமே இல்லை என்பதால் அந்தத் தடையில் எதுவும் விழுவதில்லை. அதே இடத்தில் 21 வாட் இண்டிகேட்டர் பல்பை வயரோடு பிடித்தால் இமைக்கக்கூட இமைக்காது. பழைய மெக்கானிக்குகள் பையில் பல்பும் ஹோல்டருமாக வைத்திருப்பார்கள். டிஜிட்டல் மீட்டர் வந்த பிறகு அதை ஒதுக்கிவிட்டவர்கள் நல்லதொரு கருவியை இழந்தார்கள். ஏர்பேக், கணினி வயர்களில் மட்டும் பல்பைக் கொண்டுபோகக் கூடாது. ஏர்பேக் வயரில் மீட்டரின் ஓம் நிலையும் கூடாது.

இதே ஏமாற்றம் நம் கிணற்று மோட்டாரில் வேறு உருவத்தில் வருகிறது. அங்கே 415 வோல்ட். பழகிய எலெக்ட்ரீஷியன் தவிர யாரும் ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் கைவைக்கக் கூடாது. மூன்று பேஸில் ஒரு பேஸ் ஃபியூஸ் போய்விட்டது. ஸ்டார்ட்டரின் நோ-வோல்ட் காயில் இரண்டு பேஸுக்கு நடுவேதான் இருக்கிறது. போனது மூன்றாவது பேஸ் என்றால் காயிலுக்குத் தெரியாது, பிடியை விடாது. மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும். மிச்சமுள்ள இரண்டு பேஸிலும் மின்னோட்டம் ஏறத்தாழ 1.7 மடங்கு ஆகும். 5 குதிரைத்திறன் மோட்டாரில் 7.5 ஆம்பியர் ஓடிய இடத்தில் 13. டெஸ்டரால் ஃபியூஸின் மோட்டார் பக்கத்தைத் தொட்டால் மூன்றிலும் நியான் எரியும். காரணம், சுற்றும் மோட்டாரே அறுந்த பேஸின் முனையில் வோல்டேஜை உண்டாக்குகிறது. மோட்டார் கிளம்ப முடியாமல் உறுமிக்கொண்டு நின்றால்கூட, சுருள் வழியாக ஏறத்தாழ 120 வோல்ட் அங்கே வந்து நிற்கும். நியானுக்கு அது போதும். "மூணு பேஸும் வருது" என்று டெஸ்டரைப் பையில் போட்டுக்கொண்டால் சுருள் கருகுவதுதான் மிச்சம்.

இங்கே டாங் டெஸ்டர் இருந்தால் ஒவ்வொரு வயரிலும் ஆம்பியர் பார்த்துவிடலாம். ஒன்றில் பூஜ்யம் காட்டும். இல்லாவிட்டால் மெயினை அணைத்து, ஃபியூஸ் கட்டைகளை உருவி, ஓம் நிலையில் பார்ப்பதுதான் வழி. காரின் ரிலேயில் போதாமல் போன அந்தச் சின்னக் கேள்வி, சுற்றிலிருந்து பிரித்தெடுத்த ஃபியூஸ் கட்டையில் துல்லியமாகப் பதில் சொல்லிவிடும்.

கட்டையில் என்ன கம்பி போட்டிருக்கிறது என்பதையும் அப்போது பாருங்கள். பிரிட்டிஷ் தபால் துறைப் பொறியாளர் வில்லியம் ப்ரீஸ் 1880-களில் கம்பிகளை உருக்கி உருக்கிப் பார்த்து ஒரு சூத்திரம் தந்தார். செம்புக் கம்பியின் விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, ஒன்றரை அடுக்குக்கு உயர்த்தி, எண்பதால் பெருக்கினால் அது உருகும் ஆம்பியர் கிடைக்கும். 0.2 மி.மீ. கம்பி ஏழு ஆம்பியரில் உருகும், 0.5 மி.மீ. இருபத்தெட்டில். அவசரத்துக்கு ஃப்ளெக்ஸிபிள் வயரின் 0.3 மி.மீ. இழைகள் மூன்றை முறுக்கிக் கட்டினால் அது தாங்குவது நாற்பது ஆம்பியருக்குப் பக்கம். பேஸ் போனபின் ஓடும் 13 ஆம்பியர் அந்தக் கம்பியை உருக்கவே உருக்காது. மோட்டாரைக் காப்பாற்ற வேண்டியது ஓவர்லோடு ரிலே. அதன் ஆம்பியர் முள்ளை, அடிக்கடி விழுகிறதே என்று மேலே திருகி வைத்திருந்தால் அதுவும் சும்மா இருந்துவிடும்.

கடைசியாக, மீட்டருக்குள்ளேயே இருக்கும் ஃபியூஸ். ஆம்பியர் துளையில் செருகிய சிவப்பு வயரை மறந்து, அப்படியே வோல்டேஜ் பார்க்கப் போனால் மீட்டர் நேர் ஷார்ட் ஆகிவிடும். அப்போது கையையும் கண்ணையும் காப்பது அந்த ஃபியூஸ் ஒன்றுதான். அதைச் சோதிக்க மீட்டரைத் திறக்க வேண்டியதில்லை. பல மீட்டர்களில், ஓம் நிலையில் வைத்து, சிவப்பு முனையை அதே மீட்டரின் ஆம்பியர் துளைக்குள் விட்டால் சில ஓமோ அதற்கும் குறைவாகவோ காட்டும். எல்லை மீறிக் காட்டினால் ஃபியூஸ் போய்விட்டது. மலிவான மீட்டர்களில் 10 ஆம்பியர் துளைக்கு ஃபியூஸே இல்லை என்று முகப்பிலேயே அச்சிட்டிருக்கும். அவற்றைக் காரோடு நிறுத்திக்கொள்ள வேண்டும், வீட்டு லைனில் ஆம்பியர் பார்க்க எடுக்கக் கூடாது. நல்ல மீட்டரில் இருப்பது பீங்கான் குழாய்க்குள் குவார்ட்ஸ் மணல் நிரப்பிய ஃபியூஸ். கம்பி ஆவியானதும் எழும் நெருப்பு வில்லை அந்த மணல் உருகி விழுங்கிவிடும். அதே நீளமுள்ள கண்ணாடி ஃபியூஸ் கடையில் சில ரூபாய்க்குக் கிடைக்கும், கிளிப்பிலும் சரியாக உட்காரும், ஓமும் அதே காட்டும். ஆனால் 415 வோல்ட்டில் அறுந்தால் உலோக ஆவி வழியாக வில் தொடர்ந்து எரிந்து, குழாய் கைக்குள் வெடிக்கும். எனவே மாற்றும்போது ஆம்பியரோடு, குழாயின் மேல் எழுதியிருக்கும் வோல்ட்டையும் கிலோ ஆம்பியரில் போட்டிருக்கும் உடைப்புத் திறனையும் படித்து, பழையதில் இருந்ததையே கேட்டு வாங்குங்கள்.